ரெட்வுட் காட்டுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்களைப் பற்றித் தமிழில் செய்தி வரும்போதெல்லாம் ‘செம்மரம்’ என்ற சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. படிப்பவர் மனத்தில் உடனே எழுவது சேஷாசலம் காடும் லாரியில் பிடிபட்ட கட்டைகளும்தான். அந்தச் செம்மரம் நம் வேங்கைக்கு உறவு. ரெட்வுட்டோ ஊசியிலை மரம், சைப்ரஸ் குடும்பம். கட்டையின் நிறத்தைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘ரெட்வுட்’ என்றே அச்சிட்டால் குழப்பம் தீரும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பேர்போன பெருமரங்கள் இரண்டு வகை. சியரா நெவாடா மலைமேல், யோசெமிட்டி போன்ற இடங்களில் நிற்பது ஜயன்ட் செக்வோயா. அதற்குப் பெருமை அடிமரத்தின் பருமன். கடலோர மூடுபனிப் பகுதியில் நிற்பது கோஸ்ட் ரெட்வுட். உலகிலேயே உயரமான மரம் இதுதான். யோசெமிட்டிக்குப் போய்விட்டு ‘ரெட்வுட் பார்த்தாயிற்று’ என்று திரும்புகிறவர்கள் உண்மையில் இதைப் பார்க்கவே இல்லை.

சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் வேலையிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க நம் ஊர்ப் பெற்றோர் பலர் கோடையில் போகிறார்கள். அவர்களை அழைத்துப் போவது பெரும்பாலும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகே உள்ள மியூர் வுட்ஸுக்கு. காரை நிறுத்தவே முன்பதிவு வேண்டும். அரை நாள் நடை, ஒரு படம், திரும்பல். நல்ல காடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே மிக உயரமான மரம் 258 அடி. வடக்கே ஹம்போல்ட், டெல் நார்ட்டே மாவட்டங்களில் 350 அடியைத் தாண்டியவை நிற்கின்றன. மரத்தோடு அந்த மரத்திலிருந்து பிறந்த கலைகளும் அங்கேதான் இருக்கின்றன. விடுப்பில் நான்கு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் வடக்கே போக வேண்டும். எப்படிப் போவது, எதில் தவறு நேர்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நெடுஞ்சாலை 101-இல் யுரீகா நகரம் சுமார் 270 மைல். ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், வளைவுகளும் சாலைப் பணிகளும் தனி. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பது வீண். யுரீகா அல்லது ஆர்க்கேட்டாவில் தங்கினால் தெற்கும் வடக்கும் கைக்கெட்டும். விமானத்தில் வருகிறவர்களுக்கு மெக்கின்லிவில்லில் சிறிய விமான நிலையம் உண்டு. மூடுபனியால் விமானம் தாமதமாவது அங்கே வழக்கம். அதனால் பன்னாட்டு விமானத்தைப் பிடிக்க வேண்டிய அன்றே அங்கிருந்து கிளம்பும்படித் திட்டமிட வேண்டாம்.

வழியிலேயே ‘அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்’ இருக்கிறது. 31 மைல் நீளமுள்ள பழைய சாலை அது, நெடுஞ்சாலைக்கு இணையாகவே ஓடுகிறது. இங்கேதான் முதல் தவறு. கைப்பேசி வழிகாட்டி வேகமான 101-ஐத்தான் காட்டும், மரங்கள் நிற்கும் சாலை பக்கத்திலேயே கழிந்துவிடும். ஃபிலிப்ஸ்வில் வெளிவழியில் இறங்கி 254 என்ற எண்ணுள்ள சாலையைப் பிடிக்க வேண்டும். அதில் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற தோப்பு சமதளம், அரை மைல் சுற்று, முழங்கால் வலியுள்ளவர்களும் நடக்கலாம். 1991 மார்ச்சில் விழுந்த ‘டையர்வில் ஜயன்ட்’ அங்கே கிடக்கிறது. மழையில் ஊறிய மண்ணில் இன்னொரு மரம் சரிந்து மோதியதில் சாய்ந்த மரம். அதன் வேர்ப்பக்கத்துக்குப் போய் நின்று பாருங்கள். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேரே இல்லை.

ரெட்வுட்டைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொண்டு போவதானால் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முந்நூறு அடி உயர மரத்தின் வேர் பெரும்பாலும் 6 முதல் 12 அடி ஆழத்துக்குள் நின்றுவிடும். பக்கவாட்டிலோ நூறடி வரைகூடப் பரவும், பக்கத்து மரங்களின் வேரோடு பின்னிக்கொள்ளும். மரத்தை நிறுத்துவது அந்தப் பின்னல்தான். நீரை உறிஞ்சும் நுண்வேர்களோ மேல்மண்ணிலேயே, உதிர்ந்த இலைச் சருகுக்குச் சற்றே கீழே இருக்கின்றன. ஆயிரம் பேர் தூரைச் சுற்றி நடந்தால் மண் கெட்டிப்படும், நீர் இறங்காது, காற்றுப் புகாது, நுண்வேர் மடியும். மரம் மறுநாளே சாயாது. அதனால்தான் மிதிக்கிறவருக்குத் தாம் செய்த கேடு தெரிவதில்லை. ‘மரத்தைக் கட்டிப் பிடித்து ஒரு படம்’ என்று பாதையை விட்டு இறங்கும் பத்தடிதான் அந்தக் காட்டில் நாம் செய்யக்கூடிய பெரிய தீங்கு. பாதையோரமாகவே நிற்கும் மரங்கள் ஏராளம். அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நடந்த சான்றே உண்டு. உலகின் மிக உயரமான மரம் என்று 2006-இல் கண்டறியப்பட்ட ‘ஹைப்பீரியன்’ ஏறத்தாழ 116 மீட்டர். அது நிற்கும் இடத்துக்குப் பாதை கிடையாது. ஆனாலும் இடத்தை ஊகித்து இணையத்தில் போட்டார்கள். கூட்டம் புதர்களை மிதித்துக்கொண்டு போனது, அடியில் வளர்ந்த பெரணிகள் அழிந்தன, குப்பையும் மலமும் சேர்ந்தன. 2022-இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அங்கே போய் நிமிர்ந்து பார்த்தாலும் உச்சி தெரியாது என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. தூரும் அப்படியொன்றும் பருமனில்லை.

முறையாகப் பார்க்க வேண்டியவை வேறு. ஓரிக் ஊருக்கு அருகே லேடி பேர்ட் ஜான்சன் குரோவ் மலைமேல் இருக்கிறது. ஒன்றரை மைல் சுற்று, ஏற்றம் மிகக் குறைவு, பெரியவர்களுக்கு இதைவிட நல்ல நடை இல்லை. மேலே ஏறும் சாலை செங்குத்து, வேனோடு இணைப்பு வண்டி இழுத்துப் போவதற்கில்லை. மே கடைசியிலிருந்து ஜூன் வரை ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். காலையில் மூடுபனி இருக்கும்போதே போய்விடுங்கள். ‘வெயில் வரட்டும்’ என்று காத்திருப்பது இரண்டாவது தவறு. வெயிலில் இந்தக் காடு கருப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். பனியில்தான் அடிமரத்தின் செம்பழுப்பும் பாசியின் பச்சையும் ஒன்றாகத் துலங்கும்.

அந்தப் பனி வெறும் அழகு இல்லை. மழை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கொட்டித் தீர்க்கும், கோடையில் அநேகமாக இல்லை. அப்போது குளிர்ந்த கடலிலிருந்து எழும் மூடுபனி ஊசியிலைகளில் படிந்து துளியாகத் திரண்டு தூரில் சொட்டுகிறது. ஆண்டு முழுதும் காட்டுக்குச் சேரும் நீரில் மூன்றிலொரு பங்கு வரை இப்படி வருவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மழையே இல்லாத நாளில் மரத்தடி மட்டும் நனைந்திருப்பதைப் பார்க்கலாம். ஜூலையிலும் கம்பளிச் சட்டை வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுதான். அவென்யூ பக்கம் வியர்த்து ஊற்றும் அதே பகலில் கடற்கரையில் பல் கிட்டும்.

கொஞ்சம் நடக்க முடிந்தவர்களுக்கு டால் ட்ரீஸ் குரோவ். இலவச அனுமதிச் சீட்டை இணையத்தில் ஒரு நாளாவது முன்பே வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு. பூட்டிய வாயிலைத் திறக்கும் எண் அனுமதியோடுதான் வரும். அதைக் கைப்பேசியில் சேமித்தால் போதாது, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தொடர்பு கிடைக்காது. மண் சாலை ஏழு மைல். பிறகு நடை போகவர நாலரை மைல். போகும்போது இறக்கம், திரும்பும்போது அந்த 800 அடியையும் ஏற வேண்டும் என்பதை மறந்து, தண்ணீரை முதல் பாதியிலேயே குடித்துத் தீர்ப்பவர்கள் அதிகம்.

ஃபெர்ன் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கு எல்லாரும் போகுமிடம். நாற்பது ஐம்பது அடிச் சுவர்கள் இரண்டும் முழுக்கப் பெரணி, நடுவில் ஓடை. மே 15 முதல் செப்டம்பர் 15 வரை முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள், வண்டிக்கு 12 டாலர் கட்டணம். போகும் டேவிசன் சாலை மண் சாலை, ஓடையை வண்டியோடு கடக்க வேண்டும். தாழ்வான வாடகைக் காரில் மழைக்குப் பின் போக வேண்டாம். கோடையில் நடைபலகைகள் போட்டிருந்தாலும் கால் நனையும். தோல் செருப்பு வழுக்கும், நனையப் பயப்படாத ரப்பர் அடிச் செருப்பு நல்லது. அந்தச் சுவரில் கருப்புத் தண்டும் விரல் விரித்தாற்போன்ற இலையும் கொண்ட பெரணி ஒன்று தொங்கும். தயவுசெய்து அதைப் பறிக்காதீர்கள். அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

நம்மவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது சாப்பாடு. புளியோதரை கட்டிக்கொண்டு போவதில் தப்பில்லை, வழியில் கடைகள் குறைவு. ஆனால் சிந்தக் கூடாது. மார்பிள்ட் மரலெட் என்ற கடற்பறவை, பாசி படர்ந்த முதிய ரெட்வுட் கிளையில் கூடுகூடக் கட்டாமல் ஒரே ஒரு முட்டை இடும். கடலில் மீன் பிடித்துக் காட்டுக்குப் பறந்துவந்து குஞ்சுக்கு ஊட்டும். மனிதர் உண்ணும் இடங்களில் சிந்தும் பருக்கைக்கும் முறுக்குத் தூளுக்கும் ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற நீலப் பறவையும் அண்டங்காக்கையும் கூடுகின்றன. கூடிய இடத்தில் சும்மா இருப்பதில்லை, அந்த ஒற்றை முட்டையைத் தேடித் தின்கின்றன. ‘காக்கைக்கு ஒரு பிடி’ என்பது நம் வீட்டு வழக்கம், நல்ல வழக்கம். அந்தக் காட்டில் மட்டும் வேண்டாம். சாப்பிட்ட மேசையைத் துடைத்து, தரையில் விழுந்ததையும் பொறுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

எல்க் மான்கள் சாலையோரப் புல்வெளியிலேயே மேயும். சாது போலத் தெரியும், 75 அடிக்குள் போகக் கூடாது. மே, ஜூனில் கன்றோடு இருக்கும் பெட்டையும் செப்டம்பரில் மதங்கொண்ட கிடாவும் முட்டும். கடல் அதைவிட ஆபத்து. சிறு அலைகள் பத்து நிமிடம் வந்துகொண்டிருக்கும், திடீரென ஓர் அலை கரைமேல் ஏறி ஆளை இழுத்துப் போகும். தண்ணீரின் குளிர் ரத்தத்தை உறைய வைக்கும். மெரினாவில் கால் நனைக்கும் பழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். கடலுக்கு முதுகு காட்டி நின்று படமெடுக்கவும் கூடாது.

இனி கலை. அந்தப் பெரணிக்கு வருகிறேன்.

கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் யூரோக் பழங்குடி மக்களின் கூடைகளை யுரீகாவில் கிளார்க் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அங்கே ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். பாவு ஹேசல் என்ற புதரின் குச்சி. ஊடை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேர், சுட்டுப் பதப்படுத்திப் பிளந்தது. மேலே ஏறும் கோலத்துக்கு வெள்ளை வேண்டுமென்றால் பியர்கிராஸ் என்ற புல். செம்பழுப்புக்கு வேறொரு பெரணியின் தண்டை நசுக்கி உள்ளிருக்கும் இரண்டு நார்களை உருவி, ஆல்டர் மரப்பட்டையில் சாயம் ஏற்றுகிறார்கள். கருப்புக்கு எந்தச் சாயமும் இல்லை. ஃபெர்ன் கேன்யனில் தொங்கும் அந்தப் பெரணித் தண்டின் கருப்புப் பக்கத்தை மட்டும் கீறி எடுத்துக் கோக்கிறார்கள். வட்டத் தொப்பி ஒன்றை உற்றுப் பாருங்கள். கருப்புக் கோடு பளபளவென்று, நெய்யும்போதே மெருகிட்டதுபோல இருக்கும். அது தண்டின் இயற்கைப் பளபளப்பு.

ஹேசல் குச்சிக்கு ஒரு பாடு உண்டு. சும்மா வளரும் புதரில் குச்சி கோணும், கிளைக்கும், பூச்சி துளைக்கும், வளைத்தால் ஒடியும். புதரை எரித்துவிட்டால் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தூரிலிருந்து கிளையே இல்லாத நேர்க்குச்சிகள் எழும். வசந்தத்தில் சாறு ஓடும்போது வெட்டினால்தான் பட்டை கையோடு உரியும். உரித்ததை உடனே பின்னக் கூடாது, நன்றாகக் காயவிட்டுத் தடிமன்படி பிரித்து வைக்க வேண்டும். ஈரக் குச்சியில் பின்னினால் உலர்ந்தபின் சுருங்கிப் பின்னல் தொளதொளத்துப் போகும். குழந்தையைக் கிடத்தும் கூடை ஒன்றுக்கே நூற்றுக்கணக்கில் குச்சி வேண்டும். ஆகவே அம்மக்கள் முறை வைத்துக் காட்டை எரித்தார்கள். அரசு அதைக் குற்றமாக்கித் தடுத்தது. நெருப்பு நின்றதும் குச்சி நின்றது, குச்சி நின்றதும் பின்னுகிறவர்கள் தடுமாறினார்கள். இப்போது அந்த எரிப்பு மெல்லத் திரும்புகிறது. கூடை விலை அதிகம் என்று பேரம் பேச நினைப்பவர்கள் இதை அறிந்தபின் பேசட்டும்.

ரெட்வுட்டை யூரோக் மக்கள் தம் மொழியில் ‘கீஹ்ல்’ என்பார்கள். காற்றில் விழுந்த மரத்தை எல்க் கொம்பு ஆப்பால் பிளந்து பலகையாக்கி வீடு கட்டினார்கள். சூ-மெக் மாநிலப் பூங்காவில் அந்த வீடுகளின் மாதிரிக் கிராமம் இருக்கிறது. வட்டமான வாசல், குனிந்துதான் நுழைய முடியும். ‘பாட்ரிக்ஸ் பாயிண்ட்’ என்றிருந்த பூங்காவுக்கு இந்தப் பழம்பெயர் 2021-இல் திரும்பியது, பழைய வழிகாட்டி நூல் வைத்திருப்பவர்கள் கவனிக்க. முழு மரத்தைக் குடைந்த தோணியும் அவர்களுடையது. உள்ளே கட்டையில் ஒரு மேட்டை விட்டுவைத்துச் செதுக்கியிருப்பார்கள். அது தோணியின் இதயம். நுரையீரல், சிறுநீரகம், மூக்கு எல்லாம் உண்டு, தோணிக்கும் உயிர் இருக்கிறது என்பதால். கிளாமத் ஆற்றில் யூரோக் மக்களே கோடையில் இத்தோணியில் அழைத்துப் போகிறார்கள், முன்பதிவு வேண்டும். 2024-இல் அந்த ஆற்றின் நான்கு அணைகளை இடித்து முடித்தார்கள், சால்மன் மீன் மேலேறத் தொடங்கியிருக்கிறது. அவர்களுடைய சடங்கு ஆட்டம் எதையேனும் காண நேர்ந்தால் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

நகரத்துக் கலைக்கு நாள் பார்த்துப் போக வேண்டும். மாதத்தின் முதல் சனி மாலை யுரீகாவில் ‘ஆர்ட்ஸ் அலைவ்’. கடைகளும் காட்சிக்கூடங்களும் கதவைத் திறந்து வைக்கும், தெருவில் இசை, நடந்தே சுற்றலாம். இரண்டாம் வெள்ளியன்று ஆர்க்கேட்டாவில் இதுபோலவே. யுரீகாவில் 1904-இல் கட்டிய கார்னகி நூலகக் கட்டடத்தில் மோரிஸ் கிரேவ்ஸ் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அதே ஊரில் மரவியாபாரி வில்லியம் கார்சன் 1880-களில் எழுப்பிய மாளிகையைத் தெருவிலிருந்துதான் பார்க்கலாம். உள்ளே தனியார் கழகம், கதவைத் தட்ட வேண்டாம். அதைவிட நான் சொல்வது அருகிலேயே கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் ரோமானோ கேப்ரியலின் மரத்தோட்டம். இத்தாலியிலிருந்து வந்த தச்சர் அவர். காய்கறிப் பெட்டிப் பலகைகளை அறுத்து, வண்ணமடித்து, சுமார் முப்பது ஆண்டுகள் தம் வீட்டு முற்றத்தில் பூவும் மரமும் மனித முகங்களுமாக நிரப்பினார். பெருமரம் வெட்டி வாழ்ந்த ஊரில் தூக்கியெறியும் பலகையில் ஒருவர் தோட்டம் போட்டிருக்கிறார். கட்டணம் இல்லை.

மே கடைசித் திங்களோடு சேரும் வார இறுதியில் போக முடிந்தால் ‘கைனடிக் கிராண்ட் சாம்பியன்ஷிப்’ என்ற சிற்ப வண்டிப் பந்தயத்தைப் பார்க்கலாம். மீன், நண்டு, டிராகன் வடிவச் சிற்பங்கள் மனிதக் காலால் மிதித்தே ஓட வேண்டும். ஆர்க்கேட்டாவில் புறப்பட்டு மணல்மேடு, விரிகுடா நீர், சேறு எல்லாம் கடந்து மூன்றாம் நாள் ஃபெர்ண்டேலில் முடியும், ஏறத்தாழ 50 மைல். 1969-இல் ஹோபர்ட் பிரவுன் என்ற சிற்பி தம் மகனின் மூன்று சக்கர வண்டியைத் திருத்தப்போய்த் தொடங்கியது இது. சிற்பங்களை அருகில் பார்க்க, சனிக்கிழமை காலையிலேயே ஆர்க்கேட்டா சதுக்கத்துக்குப் போய்விட வேண்டும். நண்பகலுக்குக் கிளம்பிவிடும். அந்த வாரம் அறைகள் கிடைப்பது அரிது, சில மாதம் முன்பே பதிந்துகொள்ள வேண்டும்.

வாங்கும் பொருளில் ஓர் எச்சரிக்கை. ரெட்வுட் தூரில் புடைத்திருக்கும் முண்டில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மரம் எரிந்தாலும் சாய்ந்தாலும் மறுபடி துளிர்ப்பது அதிலிருந்துதான். அந்த முண்டின் சுழிரேகை அழகு என்பதால் கிண்ணமும் மேசையும் செய்ய, இரவில் சங்கிலி ரம்பத்தோடு வந்து உயிருள்ள மரத்திலிருந்து அறுத்தெடுத்தார்கள். 2014-இல் ரெட்வுட் காட்டினூடே ஓடும் நியூட்டன் பி. டுரூரி சாலையையே இரவில் மூட வேண்டியதாயிற்று. கடையில் வாங்கும்போது கட்டை எங்கிருந்து வந்தது, அதற்குத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் அந்தக் கேள்விக்குச் சங்கடப்படமாட்டார்.

நிறைவாக, ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் அனுப்பும் பயணப் படங்களை வெளியிடும்போது, பாதையில்லாத இடத்தில் நிற்கும் மரமென்றால் அதன் இருப்பிடத்தை அச்சிட வேண்டாம். ஜெடடையா ஸ்மித் பூங்காவில் ‘குரோவ் ஆஃப் டைட்டன்ஸ்’ என்ற தோப்பின் இடம் இப்படித்தான் வெளியே கசிந்து, தரைப் பெரணிகள் மிதிபட்டு மண் வெறுமையானது. வேருக்கு மேலே தூக்கிக் கட்டிய நடைமேடை 2022-இல் திறக்கப்பட்டபின்தான் அங்கே முறையாகப் போக வழி பிறந்தது. அந்த நடைமேடையின் படத்தைப் போடுங்கள், அதன் பெயரையும் வழியையும் தாராளமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்